நாணயமும் சிபில் கணக்கும்

(விருத்தாசலத்தில் பஞ்சாயத்துப் பணியாளரும் விவசாயிகளும் பீங்கான் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் மொழியில் நாணயம் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. கையில் சுண்டிப் பார்த்து வாங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத குணமும் நாணயம். ஒருவரை நாணயஸ்தர் என்று ஊரார் கூறிவிட்டால், அவருக்கு விதைக்கடலை வாங்கவும் வண்டிமாடு வாங்கவும் கைமாற்று கிடைத்துவிடும். அதற்குப் பத்திரமும் வேண்டுவதில்லை. அவருடைய தந்தையார் யார், சென்ற ஆண்டு விளைச்சல் எப்படி, வாங்கிய பணத்தை வாய்தாவில் திருப்பினாரா என்பவையெல்லாம் திண்ணையில் இருப்போருக்குத் தெரிந்த செய்திகளே.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்துள்ள வங்கி மேலாளருக்கு நம் திண்ணையும் தெரியாது, நம் தந்தையாரும் தெரியாது. அவர் நம்முடைய பான் எண்ணைக் கணிப்பொறியில் இடுகிறார். 300க்கும் 900க்கும் இடைப்பட்ட ஓர் எண் திரையில் தோன்றுகிறது. அந்த எண்ணையும் அதனுடன் வரும் அறிக்கையையும் பார்த்த பிறகே நம் விண்ணப்பத்தைக் கையில் எடுக்கிறார். மக்கள் வழக்கில் 'சிபில்' என்று வழங்குவது இதுதான். நாம் ஒருபோதும் கண்டிராத ஓர் அலுவலகத்தில், நம் பெயரால், நம்மைக் கேளாமலே ஒரு பேரேடு எழுதப்பட்டு வருகிறது. அந்தப் பேரேட்டை நாமும் பார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தச் சொல்லலாம், அதற்குச் சட்டப்படியான உரிமை நமக்கு உண்டு என்பதை எடுத்துரைக்கவே இங்கு வந்துள்ளோம்.

ஆளை அறிந்து கடன் கொடுக்கும் முறை நம் மாகாணத்திற்குப் புதிதன்று. 1890களில் சென்னை மாகாண அரசாங்கத்துக்காக பிரெடெரிக் நிக்கல்சன் என்பார் ஐரோப்பியக் கிராம வங்கிகளை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். ஜெர்மனியில் ரைபைசன் ஏற்படுத்திய சங்கங்களை அவர் பெரிதும் போற்றினார். அச்சங்கங்களின் பலம் யாதெனில், ஒரே ஊரார் ஒருவரையொருவர் நன்கு அறிந்திருந்ததும், ஒருவர் கடனுக்கு மற்றவர்களும் பொறுப்பேற்றதுமே ஆகும். 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. எனினும் அரை நூற்றாண்டு கழிந்தபின் ரிசர்வ் வங்கி 1951–52இல் நடத்திய கிராமக் கடன் ஆய்வில், உழவர் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு நூற்றுக்கு 3 என்ற அளவிலேயே இருந்தது. ஏறக்குறைய 70 பங்கு லேவாதேவிக்காரர் கையில் இருந்தது. லேவாதேவிக்காரருக்கு நம்மைத் தெரியும்; வங்கிக்குத் தெரியாது. தெரியாதவர்க்குக் கொடுக்க வங்கி அஞ்சிற்று என்பது இதற்கு ஒரு முக்கிய காரணம்.

அந்த அச்சத்தைப் போக்க எழுந்த ஏற்பாடுதான் கடன் தகவல் நிறுவனம். 2000ஆம் ஆண்டில் சிபில் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2005இல் கடன் தகவல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதியுடன் இயங்குகின்றன. நான்கில் ஒன்றின் பெயரே எல்லாவற்றிற்கும் பொதுப் பெயராகிவிட்டது, வனஸ்பதி என்றால் டால்டா என்று சொல்லி வந்தது போல.

இப்பேரேட்டில் எது எழுதப்படுகிறது, எது எழுதப்படுவதில்லை என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். வங்கி, கூட்டுறவு வங்கி, நிதி நிறுவனம், குறுங்கடன் நிறுவனம் ஆகியவற்றில் வாங்கிய கடன் எவ்வளவு, எந்தத் தேதியில் வாங்கியது, எத்தனை தவணை கட்டியாயிற்று, எத்தனை நாள் தாமதமாயிற்று என்பவை எழுதப்படும். நகைக்கடனும் வண்டிக்கடனும் கடன் அட்டையும் இதில் அடங்கும். நம்முடைய நிலம் எத்தனை ஏக்கர், பெட்டியில் எத்தனை சவரன், சேமிப்புக் கணக்கில் எவ்வளவு பணம் என்பவை எழுதப்படுவதில்லை. எனவே 10 ஏக்கர் நஞ்சை உடையவருக்கு எண் குறைந்தும், குத்தகைக்கு உழுபவருக்கு எண் உயர்ந்தும் இருக்கக்கூடும். கைமாற்றை ஒழுங்காகத் திருப்பியதும் அதில் ஏறாது. திண்ணையின் நினைவுக்கும் இந்த இயந்திரத்தின் நினைவுக்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுதான். மழை பொய்த்ததா, வீட்டில் நோயா என்று திண்ணை கேட்கும். இயந்திரம் தேதியை மட்டும் கேட்கும்.

பீங்கான் சூளையில் வேலை செய்வோர்க்கு ஒன்று தெரியும். சூளையின் உள்ளே சிறு களிமண் கூம்பு ஒன்றை வைப்பார்கள். குறித்த வெப்பம் வந்ததும் அது வளையும். கூம்பு பாண்டத்தைச் சுடுவதில்லை. உள்ளே சூடு எவ்வளவு என்பதைக் காட்டுகிறது, அவ்வளவே. சிபில் எண்ணும் அத்தகைய கூம்புதான். எண்ணை உயர்த்தித் தருகிறோம் என்று பணம் கேட்டு வரும் தரகர்கள், கூம்பை நிமிர்த்தி வைத்தால் சூளை ஆறிவிடும் என்று சொல்வோரை ஒப்பர். உண்மையாக நேர்ந்த தாமதத்தை அழிக்க எவராலும் இயலாது. அந்த விவரம் குறைந்தது 7 ஆண்டுகளாவது பேரேட்டில் இருக்கும். ஆயினும், பழைய தாமதத்தின் மேல் ஒழுங்கான புதிய தவணைகள் மாதந்தோறும் ஏற ஏற, எண் தானே உயரும்.

எண் குறைவதற்கு முதற் காரணம் தவணை தவறுவது. அது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் தவணை ஏன் தவறுகிறது என்பதை நம் ஊரை வைத்துப் பார்க்கவேண்டும். இங்குள்ள பொம்மைத் தொழிலுக்கு நவராத்திரிக் கொலு ஒரு பருவம். அகல்விளக்குக்குக் கார்த்திகை ஒரு பருவம். பொருளை எடுத்துச் சென்ற வியாபாரி பணத்தை அனுப்பப் பின்னும் சில மாதங்கள் ஆகும். மணிலாப் பயிரிடுவோருக்கு அறுவடை முடிந்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை விலைபோன பிறகுதான் கையில் காசு. முந்திரிக்குக் கோடைதான் வருவாய்க் காலம். இவர்களெல்லாம் மாதச் சம்பளக்காரருக்கு ஏற்பட்ட மாதத் தவணையில் கடன் வாங்கினால், நாணயம் குறையாதவரும் தவணை தவறியவராகவே எழுதப்படுவார். ஆகவே கடன் வாங்கும் நாளிலேயே, எங்கள் வருவாய் இந்தப் பருவத்தில் வருகிறது, தவணையை அதற்கேற்ப அமைத்துத் தாருங்கள் என்று மேலாளரிடம் கேட்பது அவசியம். கேட்பதில் குறைவு ஒன்றும் இல்லை. பயிர்க்கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படுவதற்கு மற்றக் கடன்களைப் போல் 90 நாள் கணக்கை வைக்காமல், குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவம், நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவம் என்று ரிசர்வ் வங்கியே வகுத்திருக்கிறது. உழவின் காலக்கணக்கு வேறு என்பதை அதுவும் ஒப்புக்கொண்டிருக்கிறதன்றோ?

2025ஆம் ஆண்டில் நம் மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க்கடனுக்குச் சிபில் அறிக்கையைப் பார்ப்பது பற்றிய பேச்சு எழுந்தபோது, விவசாய சங்கங்கள் பல இடங்களில் எதிர்ப்புத் தெரிவித்ததை அறிவீர்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்றே கருதுகிறோம். வானம் பார்த்த பூமியை உழுபவரை நகரத்துக் கடன் அட்டைக்காரரின் அளவுகோலால் அளப்பது பொருந்தாது. ஆயினும் பயிர்க்கடனோடு நம் தேவை முடிவதில்லை. டிராக்டர், கறவை மாடு, வீடு, முத்ரா திட்டத்தில் சூளைக்கு மூலதனம், பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பு ஆகிய எல்லாவற்றிற்கும் இந்த அறிக்கை பார்க்கப்படுகிறது. அளவுகோலைப் பற்றி வாதாடுவோம். அது இருக்கும் வரையில் அதன் கணக்கையும் தெரிந்து வைத்திருப்போம்.

தெரியாமல் இருப்பதற்கு நாம் செலுத்தும் விலை என்ன? 20,000 ரூபாய் தேவைப்படுகிறது என்று கொள்வோம். வங்கியில் ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டி என்றால், 10 மாதத்துக்கு 2,000 ரூபாய். வங்கி மறுத்துவிட, வெளியே மூன்று வட்டிக்கு வாங்கினால், அதாவது நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வீதம், அதே 10 மாதத்துக்கு 6,000 ரூபாய். மிகையாகச் செல்லும் 4,000 ரூபாயில் ஒரு குழந்தையின் ஓராண்டுப் பள்ளிச் செலவில் பெரும்பகுதி அடங்கும். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனை வாய்தாவுக்குள் செலுத்தினால் நம் மாநிலத்தில் வட்டியே இல்லை. வாய்தா கடந்தால் வட்டி உண்டு. தேதி ஒன்றை மறந்ததற்கு அவ்வளவு தண்டம்.

இனி, நம் கிராமங்களில் மிகுதியாகக் கேடு விளைவிக்கும் ஒன்றைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். அது, பெயரைக் கடன் கொடுப்பது. "அக்கா, உங்கள் பெயரில் எடுத்துக் கொடுங்கள், தவணையை நான் கட்டிவிடுகிறேன்" என்று பக்கத்து வீட்டார் கேட்பதும், "அண்ணே, ஒரு கையெழுத்துத்தான், வெறும் ஜாமீன்" என்று பங்காளி கேட்பதும் அன்றாட நிகழ்ச்சிகள். முகத்துக்கு நேரே மறுக்க நம்மவர்க்கு மனம் வருவதில்லை. ஆனால் பேரேட்டில் பக்கத்து வீட்டாரின் பெயர் இல்லை; கையெழுத்திட்டவரின் பெயர்தான் இருக்கிறது. ஜாமீன் கையெழுத்தும் 'வெறும்' கையெழுத்தன்று. கடன்காரர் கட்டாவிட்டால் ஜாமீன்தாரர் கட்டவேண்டும் என்பது சட்டம். அந்தக் கடன் ஜாமீன்தாரரின் அறிக்கையிலும் ஏறுகிறது. பங்காளியின் லாரி தவணையால், தம் மகளின் நர்சிங் படிப்புக்கு வங்கிக் கடன் கிடைக்காமல் ஒருவர் நிற்க நேர்வது இப்படித்தான். கல்விக் கடனிலும் இதே செய்திதான். மாணவனோடு தந்தையோ தாயோ கூட்டாகக் கையெழுத்திடுகிறார்கள். படிப்பு முடிந்து வேலை கிடைக்கத் தாமதமானால், தாமதம் இருவர் பெயரிலும் எழுதப்படும். அந்நிலை வருமுன்பே வங்கிக்குச் சென்று தவணையைத் தள்ளியமைக்கக் கேட்கவேண்டும். வந்தபின் கேட்பது கடினம்.

குறுங்கடன் நிறுவனங்களிடம் தாய்மார்கள் வாங்கும் கடனைப் பற்றியும் ஒன்று. 2022இல் ரிசர்வ் வங்கி ஒரு விதி செய்தது. குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் செல்லும் மாதத் தவணை, மாத வருவாயில் பாதிக்கு மேற்படலாகாது என்பது அது. நிறுவனம் கணக்குப் பார்க்கிறதோ இல்லையோ, நாமே வீட்டில் ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். ஒரு கடனைக் கட்ட மற்றொரு கடன் வாங்கும் நிலை வந்துவிட்டால், எண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் பயனில்லை.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே மாதத்தில் ஐந்தாறு இடங்களில் கடனுக்கு விண்ணப்பித்தால் எண் சற்று இறங்கும். கடன் அட்டையின் வரம்பு முழுவதையும் மாதந்தோறும் செலவழிப்பதும் நல்லதன்று. மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்பது நலம். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் எண் குறையும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். குறையாது.

'செட்டில்மெண்ட்' என்ற சொல்லில் மட்டும் எச்சரிக்கை தேவை. 50,000 பாக்கியில் 30,000 கட்டினால் போதும், கணக்கை முடித்துவிடுகிறோம் என்று வங்கி சொல்லும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் பேரேட்டில் அது முழுதும் தீர்ந்த கடனாக எழுதப்படாமல், குறைத்துத் தீர்த்த கடனாக எழுதப்படும். பின்னால் கடன் கொடுப்பவர் அதைக் கண்டு தயங்குவார். வேறு வழியே இல்லாதபோது அதை ஏற்கலாம். முழுதும் கட்ட வழியிருக்கும்போது ஏற்கவேண்டா.

இவ்வூருக்கும் இப்பொருளுக்கும் தொடர்புள்ள பழைய கதை ஒன்று உண்டு. சுந்தரர் முதுகுன்றத்திலே, அதாவது இதே விருத்தாசலத்திலே, பழமலைநாதரிடம் 12,000 பொன் பெற்றார் என்றும், அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்றும் பெரிய புராணம் கூறுகிறது. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்னும் பழமொழியைக் கேலியாகச் சொல்கிறோம். கதையில் நாம் கவனிக்கவேண்டிய பகுதி வேறு. ஆற்றில் இடுமுன் சுந்தரர் அப்பொன்னில் ஒரு சிறு துணுக்கை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார். திருவாரூரில் எடுத்தபோது, அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்ததில் மாற்றுக் குறைந்திருந்தது. பிறகு அது சரிசெய்யப்பட்டது. இறைவன் கொடுத்த பொன்னுக்கே மாதிரி எடுத்து வைத்துக்கொண்டார்! நாமோ சங்கத்தில் கடனைத் தீர்த்துவிட்டு, ரசீதைக்கூடக் கேளாமல் வீடு திரும்புகிறோம்.

கடன் தீர்ந்த அன்றே பாக்கியில்லாச் சான்றிதழ் வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். அதுவே நம்முடைய மச்சம். இங்கே கட்டிய பணம் மும்பையிலோ வேறெங்கோ உள்ள பேரேட்டில் தீர்ந்ததாக எழுதப்பட்டதா என்பதை உரைத்துப் பார்க்க அது இல்லாமல் முடியாது. 2021ஆம் ஆண்டில் நம் மாநிலக் கூட்டுறவு வங்கிகளில் 16,43,000 விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அதில் பயன் பெற்றவர்களும், தங்கள் கடன் பேரேட்டில் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தள்ளுபடிச் சான்றிதழ் கையில் இருந்தால், பிழையைத் திருத்தக் கேட்பது எளிது.

பிழை நேர்வது அரிதன்று. நம் பெயர்களின் அமைப்பே அதற்கு இடந்தருகிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துத்தான் உண்டு. ஆதாரில் தலைப்பெழுத்து முன்னே, பான் அட்டையில் தந்தையார் பெயர் விரிவாகப் பின்னே, சங்கத்துப் பதிவேட்டில் வேறு எழுத்துக்கூட்டல். ஒரே ஊரில் நான்கு முருகன்கள். அவர்களில் இருவருக்குத் தலைப்பெழுத்தும் ஒன்று. ஒரு முருகன் வாங்கிய மோட்டார் சைக்கிள் கடன் மற்றொரு முருகன் அறிக்கையில் வந்து உட்கார்ந்தால் வியப்பில்லை. ஆதார், பான், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்குமாறு செய்துகொள்வது இதற்கு முன்காப்பு. கைப்பேசி எண் மாறியிருந்தால் அதையும் வங்கியில் தெரிவிக்கவேண்டும். நம் அறிக்கையை ஏதேனும் ஒரு நிறுவனம் எடுத்துப் பார்க்கும்போதும், நம் பெயரில் தவணை தவறியதாக எழுதப்படும்போதும் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வரவேண்டும் என்பது விதி. பழைய எண்ணுக்குச் சென்றால் யாருக்குப் பயன்?

பிழை கண்டால் செய்யவேண்டியது இது. கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்திலோ, கடன் கொடுத்த வங்கியிலோ எழுத்து மூலம் முறையிட்டு, முறையீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். 30 நாட்களுக்குள் அது தீர்க்கப்படாவிட்டால், அதன்பின் கழியும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் நமக்கு இழப்பீடு தரவேண்டும். 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் கட்டளை இது. வங்கி தன் பங்கை 21 நாட்களுக்குள் முடிக்காவிட்டால் பொறுப்பு வங்கியினுடையது. முடித்தும் தாமதமானால் தகவல் நிறுவனத்தினுடையது. அவர்களும் செவிசாய்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 2022 முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்டுள்ளன. வழி கேட்க 14448 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

இதுவரை எங்கும் கடனே வாங்காதவர்கள் நம்மில் பலர், குறிப்பாகத் தாய்மார்கள். அவர்களுக்கு எண்ணே இராது. முதன்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தைப் பழைய கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிடக்கூடாது என்று 2025இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அப்படி மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

பஞ்சாயத்துப் பணியில் உள்ள அன்பர்களுக்கு ஒரு யோசனை. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற கிராமசபை நாட்களில் ஒன்றில், வங்கி மேலாளரையும் கூட்டுறவுச் சங்கச் செயலாளரையும் அழைத்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். படித்த இளைஞர் நால்வர் இருந்தால், முதியோர்க்கு அறிக்கையை எடுத்துத் தரலாம். ஆனால் அறிக்கை அவரவர் கைக்கே செல்லவேண்டும். யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது சபையில் படிக்கத்தக்க செய்தியன்று. ஒருமுறை அப்படி நடந்துவிட்டால் மறுமுறை எவரும் வரமாட்டார். கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணையும் அவரவரே இடவேண்டும்.

அறிக்கைக்கு எவ்வளவு செலவாகும் என்று கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது 2017 முதல் உள்ள ஏற்பாடு. நான்கையும் ஒரே நாளில் வாங்க வேண்டுவதில்லை. தை மாதம் ஒன்று, சித்திரையில் ஒன்று, ஆடியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை காசின்றி நம் கணக்கை நாமே பார்த்துக்கொண்டதாகும். பான் எண், பிறந்த தேதி, வங்கியில் கொடுத்த கைப்பேசி ஆகிய மூன்றும் கையில் இருந்தால் போதும். முதலில் வாங்கும் அறிக்கையில் எண்ணைத் தேடவேண்டா. அதற்குக் கீழே உள்ள கடன் வரிசையை ஒவ்வொன்றாகப் படித்து, இது நாம் வாங்கியதுதானா, தீர்ந்தது தீர்ந்ததாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பென்சிலால் குறியிட்டு வாருங்கள்.